காற்றுக்கு ஒரு வழி

நம் ஜனங்களுக்கு ஒரு பொருளின் மேல் பிரியம் ஏற்பட்டுவிட்டால், முதல் காரியமாக அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டுவிடுவார்கள். ரேடியோ இருந்த காலத்தில் ரேடியோவுக்குப் பூவேலை செய்த துணி. டெலிவிஷன் வந்தபோது அதற்கு மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு. தையல் மிஷினுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை. கம்ப்யூட்டர் வந்தபோதும் இந்தப் பாசம் குறையவில்லை. ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்தப் பெட்டியை மேஜையின் அடியறைக்குள் வைத்திருப்பார்கள். அறைக்கு மூன்று பக்கம் பலகை. நாலாவது பக்கம் கதவு. கதவுக்குப் பூட்டுப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆயுதபூஜை அன்று கதவு திறக்கும். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறும். மறுநாள் பழையபடி சிறைவாசம்தான்.

அந்தப் பெட்டி உள்ளே வாங்கும் மின்சாரம், அநேகமாகக் கடைசி வாட் வரை, சூடாக மாறித்தான் வெளியே வந்தாக வேண்டும். அதில் மாவு அரைபடுவதில்லை. தண்ணீர் மேலே ஏறுவதில்லை. கணக்குப் போட்டாலும் சரி, கதை எழுதினாலும் சரி, மிஞ்சுவது உஷ்ணம் ஒன்றுதான். நான் நாவல் எழுதும் பெட்டி பரம சாது. எழுத்துக்குப் பின் எழுத்தாகச் சேர்த்து வைப்பதில் அதற்குப் பெரிய உழைப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் படம், வீடியோ என்று வேலை பார்க்கும் பெட்டி மும்முரமாக ஓடும்போது 300 வாட்டைச் சுலபமாக விழுங்கிவிடும். ஐந்து 60 வாட் குண்டு பல்புகளைத் தகரப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடிவைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவ்வளவு சூட்டையும் வெளியேற்ற வேண்டும். உள்ளே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றால், நிமிஷத்துக்கு 50 கன அடிக்குக் குறையாமல் காற்று அந்தப் பெட்டியைக் கடந்து போக வேண்டும். பூட்டிய அடியறைக்குள் இருக்கும் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் ஏது? தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, அதையே இன்னும் சூடாக்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

இது ஏதோ நம்மூர்ப் பேதைமை என்று நினைத்துவிட வேண்டாம். 1980-ல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியார் மூன்றாவது மாதிரி கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறியின் இரைச்சலே ஆகாது. ஆகவே அதில் விசிறி இல்லை. பெட்டிக்குள் சூடு ஏறி, சில்லுகள் தத்தம் இருக்கையிலிருந்து மெல்லக் கிளம்ப ஆரம்பித்தன. பெட்டியைச் சில அங்குல உயரத்துக்குத் தூக்கி மேஜையில் தொப்பென்று போடுங்கள், அவை திரும்ப உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வைத்தியம்! மறு வருஷம், 1981-ல், ஐ.பி.எம். கொண்டுவந்த பெட்டியில் மின்சாரம் வழங்கும் பகுதியோடு ஒரே ஒரு விசிறி இருந்தது. 1993-ல் பென்டியம் வந்த பிறகு மூளைச் சில்லின் தலைமேலேயே தனி விசிறி உட்காருவது சகஜமாகிவிட்டது. 1995-ல் இன்டெல் கம்பெனியார் பெட்டிகளுக்கு ஒரு பொது அமைப்பு வகுத்தார்கள். அதில் முதலில், பின்புற விசிறி வெளிக்காற்றை உள்ளே ஊத வேண்டும் என்று யோசனை சொன்னார்கள்; அப்புறம் வெளியே தள்ளுவதுதான் நல்லது என்று ஆயிற்று. உள்ளே ஊதுவதா, வெளியே தள்ளுவதா என்பதில் அவர்களே ஒரு தடவை திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெட்டி தடுமாறியதில் என்ன ஆச்சரியம்?

அந்தப் பெட்டி என் அக்காள் மகளுடையது. கோயிலுக்குப் போகும் வழியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் புகைப்படங்களை ஆல்பமாக அமைப்பது, கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது, நடுநடுவே பத்திரிகை அச்சுக்கு எழுத்துக் கோத்துக் கொடுப்பது. சுற்று வட்டாரத்துப் புகைப்படக்காரர்கள் முகூர்த்தம் முடிந்த கையோடு அவளிடம் வந்து நிற்பார்கள். அவள் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, கடை வாடகை எல்லாம் அந்த ஒரு பெட்டியின் தலைமேல்தான் நிற்கின்றன.

போன வைகாசியில், முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த சமயம், அந்தப் பெட்டி மயக்கம் போட ஆரம்பித்தது. மூன்று மணி நேர வேலையைக் கொடுத்தால் இருபதாவது நிமிஷம் சட்டென்று இருண்டுவிடும். சூடு அளவுக்கு மிஞ்சினால், உயிர் தப்புவதற்காகச் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் அணைந்துவிடும். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். சூடுதான் காரணம் என்று சரியாகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததற்கு அடையாளமாக ஒரு விசிறி வைத்தார். போதவில்லை என்றதும் இன்னொன்று. இப்படியே ஆறு விசிறிகள் ஆயின. ஆறும் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் ஜாதி. கடை தைப்பூசத் தேர் மாதிரி ஜொலித்தது. ஆறாவது விசிறி வந்த பிறகு, இருபது நிமிஷம் ஓடிய பெட்டி பதினைந்து நிமிஷத்தில் படுத்துவிட்டது. "இனிமேல் இதில் சாரம் இல்லை. புதுசு 80,000 ரூபாய்க்குள் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"மாமா, வளையலை அடகு வைக்கப் போகிறேன். கூட வர்றீங்களா?" என்று அவள் டெலிபோனில் கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. அவள் அம்மா போட்ட வளையல் அது. "நாளைக்குக் காலையில் வருகிறேன். அதுவரை எங்கும் போகாதே" என்று சொல்லிவிட்டு, எங்கள் தெரு அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் காற்றைத் தெரியும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 34 வருஷம் காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும் பொறுப்பான பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்ததிலிருந்து எங்கள் ஊர் பஞ்சாலும் நூலாலும் வளர்ந்த ஊர். மில் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கதிர்கள் சுற்றுவது மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதிர்களுக்கு மேலே ஒரு காற்று இறங்கி வருவதும், அது இயந்திரங்களின் ஊடே பஞ்சுத் தூசியை அள்ளிக்கொண்டு தரைக்கடியில் இருக்கும் கால்வாய்களுக்குள் போவதும், அங்கே வடிகட்டப்பட்டு, நீர்த்தூவலில் குளித்து, ஈரம் சேர்த்துக்கொண்டு மறுபடி மேலே வருவதும் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறும். காற்று எங்காவது தேங்கினால் அந்த மூலையில் பஞ்சு பனிபோல் படியும். அண்ணாச்சியின் வாழ்நாள் வேலையே, காற்று எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நடப்பது. இன்றைக்கும் சட்டைப் பையில் ஒரு முழம் நூல் வைத்திருப்பார்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, பஸ்ஸில் போனோம். கடையின் ஷட்டரை ஏற்றினால் வாசலிலிருந்தே பதினொரு நிலைக் கோபுரம் தெரியும். அண்ணாச்சி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

பெட்டியை ஓடவிடச் சொன்னார். ஆறு விசிறிகளும் இரைந்தன. சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து, ஒவ்வொரு விசிறியின் முன்னாலும் தொங்கவிட்டுப் பார்த்தார். முன்பக்கம் இரண்டு: நூல் உள்ளே இழுபட்டது. பக்கவாட்டில் ஒன்று: உள்ளே. மேலே இரண்டு: உள்ளே. பின்புறம் ஒன்று: அதுவும் உள்ளே.

"வர்றவங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டிருக்காரு. வெளியே போக வாசல் எங்கே தாயி?" என்றார்.

காரணம் பிறகு புரிந்தது. இந்தச் சின்ன விசிறிகளுக்கு அழகான முகம் ஒன்று, அவலட்சணமான முதுகு ஒன்று. முகத்தின் வழியாகக் காற்றை இழுத்து, மோட்டாரைத் தாங்கும் சட்டங்களும் ஒட்டுச்சீட்டும் இருக்கிற முதுகின் வழியாக வெளியே விடும். சிலவற்றின் ஓரத்தில் அம்புக்குறி கூடப் போட்டிருப்பார்கள். நம்முடைய பழுது பார்ப்பவர், விளக்கு எரியும் முகம் வெளியே தெரிய வேண்டும் என்ற கலை உணர்ச்சியில், ஆறின் முகத்தையும் வெளிப்பக்கமாகவே திருப்பி வைத்திருக்கிறார். ஆறும் உள்ளே ஊதின. ஊதிய காற்று ஒன்றோடொன்று முட்டி, உள்ளேயே சுழன்று, கிடைத்த இண்டு இடுக்குகளின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பெட்டியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள்.

பெட்டியை அணைத்துத் திறந்தார்கள். சூட்டை வாங்கிப் பரப்பும் அலுமினியத் தகடுகளின் மேல் தூசி படிந்து, ஆட்டு ரோமக் கம்பளித் துண்டு போல ஆகியிருந்தது. "கார்டிங் மிஷின்லே எடுத்த மாதிரில்லா இருக்கு!" என்றார் அண்ணாச்சி. ஊதி எடுக்கும்போது விசிறி இறக்கையை ஒரு பென்சிலால் பிடித்துக்கொண்டார். சும்மா விட்டால் ஊதுகிற வேகத்தில் அது கண்மண் தெரியாமல் சுற்றித் தேய்ந்துபோகும் என்றார். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே பூசும் பசை காய்ந்திருந்தது. அது அவருக்குத் தெரியாத விஷயம், அவளுக்குத் தெரியும். பழையதை வழித்துவிட்டு ஒரு பயறு அளவு புதிதாக வைத்தாள்.

அப்புறம் விசிறிகள். முன்பக்கம் இருந்த இரண்டை அப்படியே விட்டார். பின்புறம் இருந்ததைத் திருப்பி, வெளியே தள்ளும்படி வைத்தார். மேலே பின்பக்கமாக இருந்ததையும் அவ்விதமே திருப்பினார். மேலே முன்பக்கமாக இருந்ததைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

"அதையும் வெளியே தள்ளுகிற மாதிரி வைத்தால் என்ன ஐயா? சூடான காற்று மேலேதானே போகும்?" என்று கேட்டாள் அவள்.

"அது சும்மா கிடக்கிற காத்து தாயி. விசிறி தள்ளினா சொன்ன பக்கம்தான் போகும். முன்னாலே இருந்து குளிர்ந்த காத்து இப்போதான் உள்ளே வருது. அது சூடு இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளே, பாதி வழியிலேயே இவன் மேலே இழுத்துட்டான்னா? வந்த ஆள் சாப்பிடாமப் போன கதைதான்."

பக்கவாட்டு விசிறியையும் கழற்றினார். முன்னாலிருந்து பின்னால் போகிற ஓட்டத்தில் அது குறுக்கே புகுந்து கலைக்கிறதாம். காலியான துவாரங்களை அப்படியே விடவில்லை. கடையில் மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி ஒட்டினார். இல்லாவிட்டால் பின்பக்க விசிறி, தூரத்தில் இருக்கும் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஓட்டையிலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும். மூலையில் விநாயகர் படம் போட்ட அட்டை ஒன்று இன்றைக்கும் அந்தப் பெட்டியின் தலையில் இருக்கிறது. முன்பக்க விசிறியை மறைத்துக்கொண்டு கிடந்த ஒயர்களையும் கட்டாகக் கட்டி ஓரத்தில் ஒதுக்கினார்.

தூசிக்கு என்ன செய்வது என்ற யோசனை வந்தது. மேல்நாட்டில் இதற்கென்றே மெல்லிய வலைகள் விற்கின்றன. எங்களுக்குச் சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பாண்டேஜ் துணி நெய்யும் ஊர். ஒரு முழம் காஸ் துணி வாங்கிவரச் செய்து, ஒற்றை மடிப்பாக முன்பக்கத்தில் கட்டினார். இரண்டு மடிப்பாகப் போட்டால் தூசியோடு காற்றும் நின்றுவிடும். இங்கே இன்னொரு சூட்சுமம் சொன்னார். வெளியே தள்ளுவதைவிட உள்ளே வருவது கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டியின் இடுக்குகளிலிருந்து காற்று வெளியே கசியும், தூசி நுழையாது. தள்ளுவது அதிகமானால் ஒவ்வொரு இடுக்கும் ஒரு வாயாகி, வடிகட்டாத காற்றை உறிஞ்சும். அவள் கம்ப்யூட்டரின் ஆரம்பத் திரைக்குள் போய், வெளியே தள்ளும் இரண்டு விசிறிகளின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தாள். அவர் இடுக்குக்கு இடுக்கு நூலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நூல் உள்ளே போவதை நிறுத்தி, வெளியே ஆட ஆரம்பித்ததும், "போதும்" என்றார். விசிறியின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் அது தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்குதான். இரைச்சலும் வெகுவாக அடங்கிவிடும். கடையில் பல நாளைக்குப் பிறகு வாசலில் போகும் சைக்கிள் மணி கேட்டது.

பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியில் இரண்டு மரக்கட்டைகள் கொடுத்து நிறுத்தினோம். அடிப்பக்கமாக மூச்சு வாங்குகிற மின்சாரப் பகுதிக்கும் வழி வேண்டுமே. பிறகு, நாலு நாளாகக் கிடப்பில் இருந்த கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். இருபது நிமிஷம் போயிற்று. ஒரு மணி போயிற்று. அவள் திரையைப் பார்க்கவில்லை. மூலையில் தெரிந்த உஷ்ணக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னெல்லாம் 100 டிகிரியைத் தொட்டு அணைந்துவிடும் பெட்டி, அன்று 78-ல் ஏறி அங்கேயே நின்றது. மூன்று மணிக்குப் படம் முடிந்தது. வளையல் கையிலேயே இருந்தது.

அண்ணாச்சி செய்த காரியத்துக்கு நம்முடைய பழைய பாஷையில் ஒரு வார்த்தை உண்டு. இப்போது நாம் சொல்லும் ஜன்னல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. சிலப்பதிகாரத்தில் அதற்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. துவாரம் என்று சொல்லவில்லை, வழி என்று சொன்னார்கள். வழி என்றால் இரண்டு முனை இருக்க வேண்டும் அல்லவா? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் தெருவாசலில் நின்றால், ரேழி, கூடம், முற்றம் எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கதவு தெரியும். ஆடி மாதத்தில் மலைப்பக்கமிருந்து வரும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். இப்போது கட்டுகிற வீடுகளில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஜன்னல், தலைக்கு மேலே ஒரு விசிறி. விஸ்தாரமாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன்.

பாலைக் காய்ச்சிப் பால்கோவா கிளறும் விறகடுப்பு ஒன்று எதிர்ச்சாரியில் இருந்தது. வேலை முடிந்த சந்தோஷத்தில் அங்கிருந்து கால் கிலோ வாங்கி வந்தேன். அண்ணாச்சி ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். பிறகு நூலை மறுபடி வெளியே எடுத்து, கடையின் நடுவில், மேலே சுற்றும் விசிறிக்கு அடியில் பிடித்தார். நூல் எந்தப் பக்கமும் போகாமல் வட்டமடித்தது.

"இந்தப் பெட்டி கக்கிற சூடு எங்கே தாயி போகுது?" என்றார்.

நாங்கள் இருவரும் அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்று பக்கம் சுவர். முன்னால் ஷட்டர் ஒன்றுதான் திறப்பு; அதையும் தூசிக்குப் பயந்து பாதி இறக்கி வைப்பாள். பெட்டி தன் 300 வாட்டையும் இப்போது வெகு சாமர்த்தியமாக வெளியே தள்ளுகிறது, அவள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை, முகூர்த்தக் காலமானால் பத்து வரை, அவள் இருக்கும் இடம் அது. சுவரில் மாட்டியிருந்த உஷ்ணமானி 37 காட்டியது. பெட்டியும் அந்த 37-லிருந்துதான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். எத்தனை விசிறி வைத்தாலும் அதற்குக் கீழே அதனால் இறங்க முடியாது.

"பழகிப்போச்சு ஐயா" என்றாள் அவள்.

பின்சுவரில் மேலே ஒரு ஓட்டை போட்டு, வெளியே தள்ளும் விசிறி ஒன்று பொருத்தினால் போதும் என்கிறார் அண்ணாச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடச் சொந்தக்காரரின் கொல்லை. அவள் கேட்டுப் பார்த்தாள். சுவரில் கை வைக்க வேண்டாம், தை மாதம் வாடகைச் சீட்டு மாற்றும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நானும் கூடப் போவதாக இருக்கிறேன். அண்ணாச்சி அதற்குள் ஸ்டூல் போட்டு ஏறி, பின்சுவரில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டு வைத்துவிட்டார்: தரையிலிருந்து எட்டடி உயரத்தில், 12 அங்குலத்துக்கு 12 அங்குலம்.